எழுபது முப்பதா, ஐம்பது ஐம்பதா? கொல்லிமலை ஆலத்தூர் நாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பழைய கம்பவுண்டர் சொல்வது

பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூருக்கும் டெலிவரி வேலைக்குப் பெங்களூருக்கும் போன நம் பிள்ளைகள் பொங்கலுக்கு மலையேறி வரும்போது சட்டைப் பையில் ஒரு வேப், அதாவது மின்சிகரெட், செருகிக்கொண்டு வருகிறார்கள். ஓய்வுபெற்ற கம்பவுண்டர் என்பதால் என்னிடம் கேள்வியும் வருகிறது. "தாத்தா, இதுக்கு ஊத்துற லிக்விட் எழுபது முப்பது நல்லதா, ஐம்பது ஐம்பது நல்லதா?"

கேட்டவனைத் திட்டுவதில்லை. மாம்பழ வாசனையா, புதினா வாசனையா என்று கேட்காமல் உள்ளே இருக்கும் திரவம் என்ன என்று கேட்கிறானே, அந்த மட்டும் புத்திசாலி. மருந்து கலப்பவன் முதலில் பார்ப்பதும் அதைத்தான். ஆகவே தெரிந்ததை எண் போட்டுச் சொல்கிறேன். கடைசி எண் வரை படித்துவிட்டு முடிவெடுங்கள். நடுவில் நிறுத்தினால் நான் சொன்னது தலைகீழாகிவிடும்.

1. இரண்டு திரவத்தையும் முதலில் தெரிந்துகொள்.

அந்தச் சின்ன பாட்டிலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேலே இரண்டே பொருள்தான். ஒன்று கிளிசரின், கடையில் விஜி என்பார்கள். இன்னொன்று புரொபிலீன் கிளைக்கால், அதுதான் பிஜி. மிச்சம் வாசனையும் நிக்கோட்டினும்.

கிளிசரின் எனக்குப் பழைய சிநேகிதன். தொண்டைப் புண்ணுக்குத் தடவும் மேண்டல்ஸ் பெயிண்டில் அயோடினைத் தாங்கி நிற்பது கிளிசரின்தான். பச்சைப் பிள்ளைக்கு நாக்கில் மாவு படிந்தால் போராக்ஸ் கிளிசரின் தொட்டு வைத்த காலமும் உண்டு, இப்போது அதைத் தரக்கூடாது என்றாகிவிட்டது. பெரிய ஜாடியிலிருந்து அவுன்ஸ் கிளாஸில் ஊற்றினால் அவசரப்படாமல் நூலாக இறங்கும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் சத்தம் போட்டாலும் அது தன் வேகத்தில்தான் இறங்கும். இனிக்கும், தண்ணீரை இழுக்கும், 290 டிகிரியில்தான் கொதிக்கும்.

புரொபிலீன் கிளைக்கால் அப்படியல்ல. 188 டிகிரியில் கொதித்துவிடும், ஊற்றினால் ஓடும். தண்ணீரில் கரையாத மருந்தையும் கரைத்துக்கொள்ளும் என்பதால் சிரப்பிலும், பெனிடோயின், டயஸிபாம் மாதிரியான ஊசி மருந்திலும் சேர்ப்பார்கள். அறை வெப்பத்தில் அதைவிடச் சுமார் 25 மடங்கு கெட்டியானது கிளிசரின். எழுபது முப்பது, ஐம்பது ஐம்பது என்ற கணக்கெல்லாம் இந்தக் கெட்டித்தன்மையை வைத்துத்தான்.

2. கணக்கு வாய்க்காக அல்ல, கம்பிச்சுருளுக்காக.

பிஜி கூடினால் வாசனை எடுப்பாக இருக்கும், தொண்டையில் ஒரு குத்தல் தெரியும், வாய் வறளும். சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் இருமலும் எரிச்சலும் வரும். விஜி கூடினால் குத்தல் குறையும், வெள்ளைப் புகை மண்டும். திரவம் நிரப்பிய சின்னக் குப்பியான பாடுக்கு ஐம்பது ஐம்பது, பெரிய பேட்டரி வைத்த பெட்டிக்கு எழுபது பங்கு விஜி என்று விற்பவர்கள் சொல்வதற்குக் காரணம், சூடாகும் கம்பிச்சுருளோடு சேர்ந்த பஞ்சு எவ்வளவு வேகமாகத் திரவத்தை உறிஞ்சும் என்பதுதான். சின்ன பாடின் ஓட்டை சிறிது. கெட்டித் திரவம் அதில் நேரத்துக்கு இறங்காது. பஞ்சு காய்ந்த நேரத்தில் நீ இழுத்தால் கம்பிச்சுருள் அளவு மீறிச் சூடாகி, பஞ்சில் ஒட்டியிருக்கும் கிளிசரின் சிதையும். சிதைந்தால் வருவது அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு. எண்ணெய்ச் சட்டி புகையும்போது கண்ணைக் கரித்து இரும வைக்கிறதே ஒரு நெடி, அது அக்ரோலின்தான். ஃபார்மால்டிஹைடு என்னவென்று பிணவறை வாசலில் நின்றவர்களுக்குச் சொல்லவேண்டாம்.

நம் மலையில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சுத்தமான கிளிசரின் 20 டிகிரியில் இருந்ததைவிட 10 டிகிரியில் இரண்டரை மடங்குக்கும் மேல் கெட்டியாகும். மார்கழி விடியற்காலையில் காப்பித் தோட்டத்துக்குப் போகும் வழியில் நின்று ஒருவன் எழுபது முப்பதை இழுத்தால், கீழே திருப்பூர் வெயிலில் ஒழுங்காக வேலை செய்த அதே பாட் இங்கே காய்ந்த பஞ்சைப் பொசுக்கும். "ஒரு மாதிரி கருகல் வாடை வருது தாத்தா" என்று சொன்ன பையனுக்கு வந்தது அதுதான். கருகல் வாடை வந்தபின் இழுக்கும் ஒவ்வொரு இழுப்பும் அந்த நெடியைத்தான் நுரையீரலுக்குக் கொண்டுபோகிறது.

3. கொண்டை ஊசி வளைவில் சட்டைப் பையைப் பார்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 வளைவு ஏறி வரும்போது காது அடைக்கிறதல்லவா? அதே காற்றழுத்தக் குறைவு பாடுக்குள்ளும் வேலை செய்யும். உள்ளே அடைபட்ட காற்று விரிந்து திரவத்தை வெளியே தள்ளும். பிஜி கூடிய தண்ணித் திரவம் என்றால் இன்னும் எளிதாகக் கசியும். சட்டையெல்லாம் பிசுபிசுப்பு என்று சிரிக்கிறார்கள். நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். மிளகுக்கும் அவரைக்கும் பூச்சி விழுந்தால் புகையிலைக் கரைசல் தெளிக்கிறோமே, பூச்சியைக் கொல்வது அதிலுள்ள இதே நிக்கோட்டின்தான். மேலே பட்டால் சட்டையைக் கழற்று, சோப்பு போட்டுக் கழுவு. அதே சட்டையோடு கைக்குழந்தையைத் தூக்காதே.

4. வயிற்றுக்கு ஆனது நுரையீரலுக்கு ஆகாது.

"ரெண்டுமே சாப்பாட்டுல சேர்க்கிறதுதான், ஃபுட் கிரேடு" என்பது கடைக்காரன் பேச்சு. கேக்கில் கிளிசரின் சேர்ப்பது உண்மைதான். ஆனால் வயிற்றுக்குப் போனதைக் கல்லீரல் வடிகட்டிப் பார்க்கும். நுரையீரலில் அப்படி ஒரு காவல் இல்லை. காற்றுப்பைச் சுவருக்கு அந்தப் பக்கம் ரத்தம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத மெல்லிய சவ்வு.

வெண்ணெய் வாசனைக்குச் சேர்க்கும் டையசெட்டில் என்ற பொருளைத் தின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் ஆவியை வேலை நேரம் முழுவதும் சுவாசித்த அமெரிக்க மிசௌரி மாநிலப் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களுக்கு, மூச்சுக்குழாயின் நுனிகள் தழும்பேறி அடைத்துப்போனது 2000-ஆம் ஆண்டில் தெரியவந்தது. வேப் திரவங்களிலும் அந்த வாசனைப் பொருளை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

இதிலேயே இன்னொரு எச்சரிக்கை. நம் ஊரில் தைலத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் சொல்கிறேன். நீலகிரித் தைலம், தேங்காயெண்ணெய், கற்பூரம், மலைத்தேன் எதையும் அதற்குள் கலக்காதே. சளிக்கு நல்லது என்று ஒருவன் தைலம் சொட்டு விட்டிருக்கிறான். வெந்நீரில் விட்டு ஆவி பிடிப்பது வேறு, கம்பிச்சுருளில் எண்ணெயைச் சுட்டு உள்ளிழுப்பது வேறு. எண்ணெய் நுரையீரலில் தங்கினால் அதற்கென்றே ஒரு நிமோனியா உண்டு. 2019-ல் அமெரிக்காவில் திடீரென்று இளைஞர்கள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரிவரை சேர்ந்தவர்கள் 2,807 பேர், இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலும் கஞ்சாச் சத்து ஏற்றிய கள்ளத் திரவம், அதைக் கெட்டியாகக் காட்டச் சேர்த்தது வைட்டமின் இ அசிடேட் என்ற எண்ணெய். வைட்டமின் இ மாத்திரையை நானே எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். விழுங்கினால் தொல்லையில்லை. சுட்டு இழுத்தவர்கள் வென்டிலேட்டரில் கிடந்தார்கள்.

5. கலவை எத்தனைக்கு எத்தனை என்பதைவிட, கலந்தது எது என்று கேள்.

இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்கிறேன். எழுபது முப்பது என்று லேபிளில் எழுதியிருக்கிறது. அந்த எழுபது கிளிசரின்தான், அந்த முப்பது புரொபிலீன் கிளைக்கால்தான் என்று உனக்கு யார் சொன்னார்கள்?

டைஎத்திலீன் கிளைக்கால் என்று ஒன்று இருக்கிறது. பிரேக் ஆயிலுக்கும் பிசின் தொழிலுக்கும் போவது. நிறம் கிடையாது, இனிக்கும், வழவழப்பாக இருக்கும், விலையும் மலிவு. கிளிசரினோடும் புரொபிலீன் கிளைக்காலோடும் பக்கத்தில் வைத்தால் என்னைப் போன்று வாழ்நாளெல்லாம் பாட்டில் பிடித்தவனாலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில் கேஸ் குரோமட்டோகிராபி மாதிரியான சோதனை வைத்துத்தான் சொல்ல வேண்டும். உள்ளே போனால் சிறுநீரகம் நின்றுபோகும்.

1937-ல் அமெரிக்காவில் சல்பா மருந்தை இதில் கரைத்து விற்றதில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் மருந்தைச் சோதித்துவிட்டு விற்க வேண்டும் என்று 1938-ல் அங்கே சட்டமே வந்தது. 1972-ல் நம் சென்னையில் 15 குழந்தைகள். 1986-ல் மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் மூளையின் அழுத்தம் குறைய, கண் அழுத்தம் குறையக் குடிக்கக் கொடுத்த கிளிசரினிலேயே இது கலந்திருந்தது. 14 பேர் போனார்கள். நீதிபதி லெண்டின் கமிஷன் விசாரித்தது. அரசாங்க ஆஸ்பத்திரி, டாக்டர் எழுதிய சீட்டு, பெயர் ஒட்டிய பாட்டில், உள்ளே வேறு. 2022-ல் காம்பியா நாட்டில் சுமார் 70 குழந்தைகள் இறந்தபோது, இந்தியாவில் தயாரான சிரப்புகளில் இந்த நஞ்சு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது.

வெளியூர்க் கதை என்று நினைக்காதே. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பக்கம் இருமல் சிரப் குடித்த பிஞ்சுகள் இருபதுக்கு மேல் இறந்தார்களே, அந்தக் கோல்ட்ரிஃப் தயாரானது காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில், ஸ்ரேசன் பார்மா ஆலையில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த பாட்டிலில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். அனுமதி 0.1 சதவீதம். மருந்துத் தரமில்லாத புரொபிலீன் கிளைக்காலை வாங்கி ஊற்றியிருந்தார்கள். உன் பாடுக்குள் இருப்பதாகச் சொல்கிறார்களே, அதே பிஜி. ஆலையின் உரிமம் ரத்தானது, வழக்கு நடக்கிறது, பிள்ளைகள் திரும்பி வரவில்லை.

உரிமம் வாங்கிய ஆலை, பேட்ச் நம்பர், இன்ஸ்பெக்டர், ஆய்வுக்கூடம் என்று இத்தனை இருக்கும் மருந்திலேயே இது நடக்கிறது. பெங்களூரில் ஏதோ ஒரு பான் கடைப் பின்கட்டில் காகிதத்தில் சுற்றிக் கொடுத்த பாட்டிலுக்கு என்ன இருக்கிறது? வேப்பில் இது வராது என்றும் சொல்ல முடியாது. அமெரிக்க உணவு, மருந்துத் துறை 2009-ல் 18 கார்ட்ரிட்ஜுகளைச் சோதித்தபோது ஒன்றில் சுமார் ஒரு சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது.

வீட்டிலேயே கலந்துகொள்கிறேன் என்கிறவனுக்கும் இதே பதில். மருந்துக்கடை கிளிசரினும், ஆன்லைனில் லிட்டர் கணக்கில் வாங்கிய பிஜியும், எங்கிருந்தோ வந்த நிக்கோட்டின் பாட்டிலும் வைத்துக்கொண்டு ஊசிக் குழாயில் அளப்பவன், தான் அளப்பது என்னவென்று தெரியாமல் அளவை மட்டும் சரியாக அளக்கிறான்.

6. சட்டம்.

வேப்பைத் தமிழ்நாடு 2018-லேயே தடை செய்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, டிசம்பரில் முழுச் சட்டமாக்கியது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, எடுத்துச் செல்வது, இருப்பு வைப்பது, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் தடவை விற்றால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐம்பதாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். "நண்பர்களுக்கு நாலு வாங்கிட்டு வந்தேன்" என்று மலையில் காசு வாங்கிக் கொடுக்கும் தம்பி, நீ செய்வது விற்பனை.

7. நிக்கோட்டின் எண்ணைப் பார்க்கத் தெரிந்துகொள்.

பழைய திரவத்தில் நிக்கோட்டின் கூடினால் தொண்டை காந்தும், தானாக நிறுத்துவான். இப்போது வருவது நிக்கோட்டின் சால்ட். பென்சாயிக் அமிலம் சேர்த்திருப்பதால் காந்தல் தெரியாது. 2015-ல் வந்த ஜூல் என்ற அமெரிக்க வேப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வளைத்தது இந்த வழியில்தான். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. இங்கே வரும், தீர்ந்ததும் தூக்கி எறியும் டிஸ்போசபிளில் 50 என்று அச்சடித்திருக்கிறது, அதையும் பெருமையாகக் காட்டுகிறார்கள். மாம்பழ வாசனையில் வழவழவென்று இறங்குகிறதே என்று மகிழாதே. நான்காம் மாதம் அது இல்லாமல் பஸ் ஏற முடியாது.

பாட்டிலைப் பரணில் வை என்றுகூடச் சொல்லமாட்டேன். குழந்தை உள்ள வீட்டில் அது இருக்கவே கூடாது. 2014-ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை இந்தத் திரவத்தை விழுங்கி இறந்தது. அதன் பிறகு பாட்டிலுக்குக் குழந்தை திறக்க முடியாத மூடி வேண்டும் என்று அங்கே சட்டம் போட்டார்கள். கள்ளப் பாட்டிலுக்கு அந்த மூடியும் கிடையாது. குழந்தை வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று விரலை விடாதே. பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு செம்மேடு அரசு மருத்துவமனைக்கு ஓடு, 108-க்கும் போன் போடு.

8. கடல் தாண்டிப் போகிறவனுக்கு.

சிங்கப்பூரில் 2018-இலிருந்து வேப்பை வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பர் 1 முதல், எட்டோமிடேட் கலந்த திரவத்தைப் போதைமருந்துப் பட்டியலில் வைத்துவிட்டார்கள். எட்டோமிடேட் ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியைத் தூங்கவைக்கும் ஊசி. அதையும் இந்த பிஜி விஜியில் கரைத்து விற்றிருக்கிறார்கள். வேலை போய், விசாவும் போய்த் திரும்பி வந்து நிற்காதே.

பிரிட்டனுக்குப் போகிறவன் "அங்க டாக்டரே குடுக்கறாங்க" என்பான். பாதி நிஜம். ஏற்கனவே சிகரெட் பிடிப்பவன் அதை விடுவதற்கு ஒரு வழியாக அந்த அரசின் சுகாதாரத் துறையே வேப்பைச் சொல்கிறது. சிகரெட்டும் பீடியும் அதைவிடக் கொடியவை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அங்கே நிக்கோட்டின் உள்ள ஒவ்வொரு திரவத்தையும் அரசிடம் பதிவு செய்தபிறகே விற்க முடியும், உள்ளே என்னவென்று தெரிவிக்க வேண்டும். புகைக்காதவன் தொடவே வேண்டாம் என்றும் அதே துறைதான் சொல்கிறது. தீர்ந்ததும் தூக்கி எறியும் டிஸ்போசபிளை 2025 ஜூன் 1-இலிருந்து அங்கேயும் நிறுத்திவிட்டார்கள்.

9. ஆக, தொடங்குகிறவனுக்குச் சரியான கலவை எது?

பீடி, சிகரெட் பழக்கமே இல்லாமல் வாசனைக்காக இதைத் தொடங்கியவனுக்குச் சரியான கலவை என்று ஒன்று இல்லை. ஐம்பது ஐம்பதும் இல்லை, எழுபது முப்பதும் இல்லை. நிக்கோட்டின் பூஜ்யம் என்று எழுதியதும் இல்லை, எழுதியவன் யாரென்று தெரியாத இடத்தில் அந்தப் பூஜ்யத்துக்கும் மதிப்பில்லை. இன்றைக்கே விடு. ஆரம்பத்தில் விடுவது சுலபம்.

பீடியை விடுவதற்காக இதைப் பிடித்தவனிடம் எனக்குக் கோபம் கிடையாது, நோக்கம் நல்லது. ஆனால் அதற்கு நம் நாட்டில் சோதித்த பொருளே மருந்துக் கடையில் கிடைக்கிறது. நிக்கோட்டின் சூயிங்கம், 2 மில்லிகிராம். மிட்டாய் மாதிரி சட்டென்று மென்று விழுங்கக்கூடாது. மெதுவாக மென்று, வாயில் காரம் தட்டியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வை. காரம் அடங்கியதும் மறுபடி மெல். மெல்வதற்குக் கால் மணி முன்னால் காப்பி குடிக்காதே. காப்பி வாயைப் புளிப்பாக்கினால் நிக்கோட்டின் ஏறாது, நம் மலைக்காரர்களுக்கு இதுதான் கஷ்டம். தோலில் ஒட்டும் பேட்ச்சும் உண்டு. இதய நோய் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் இவற்றைத் தொட வேண்டும்.

பேசிப் பார்க்க ஆள் வேண்டும் என்றால் அரசாங்கத்தின் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356. தமிழிலும் பேசுவார்கள், காசு இல்லை. மலையில் டவர் கிடைக்கும் இடமாகப் பார்த்து நின்று கூப்பிடுங்கள்.